ரூபாயிலயா, டாலர்லயா?

டீ ஆறிடும், முதல்ல குடிங்க அக்கா. ரெண்டு பாஸ்போர்ட்டையும் இப்படிக் கொடுங்க. வெளிநாடு கிளம்புற எல்லாருமே டாலர் என்ன ரேட்டுன்னுதான் முதல்ல கேட்பாங்க. பத்துப் பைசா வித்தியாசத்துக்கு நாலு கடை ஏறி இறங்குவாங்க. ஒரு லட்சம் ரூபாய்க்குக் கரன்சி வாங்கினா ஜிஎஸ்டி 180 ரூபாய்தான். பணம் கரையுறது வேற இடத்துல.

உங்க பாஸ்போர்ட்ல பிரச்சினை இல்ல. இறங்குற நாள்லேருந்து ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும். மாமாவோடதுல அவ்வளவு இல்லையே, முதல்ல அதைப் புதுப்பிச்சிடுங்க. இல்லாட்டி திருச்சியிலயே போர்டிங் பாஸ் தரமாட்டாங்க. அவர் பத்தாவது முடிக்காததால அதுல 'ஈசிஆர்'னு, அதாவது வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேணும்னு இருக்கு, கவனிச்சீங்களா? அந்த அனுமதி வேண்டிய 18 நாடுகள்ல மலேசியாவும் ஒண்ணு. வேலைக்குப் போறவங்களுக்குத்தான் அந்த அனுமதி, சுத்திப் பார்க்கப் போறவருக்கு வேண்டாம். ஆனாலும் இமிக்ரேஷன்ல நிறுத்திக் கேட்பாங்க. திரும்பி வர்ற டிக்கெட், ஹோட்டல் புக்கிங் ரெண்டையும் பிரின்ட் எடுத்து அவர் கையிலயே கொடுத்துடுங்க. உங்க போன்ல இருந்தா அந்த நேரத்துல உதவாது.

மலேசியாவுக்கு 2023 டிசம்பர்லேருந்து நமக்கு 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம். அந்தச் சலுகையை 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. சிங்கப்பூருக்கு விசா முன்கூட்டியே எடுத்தாகணும். நீங்க சிங்கப்பூர்ல இறங்கி, ஜோகூர் வழியா பஸ்ல கோலாலம்பூர் போயிட்டு, மறுபடி சிங்கப்பூர் வந்துதானே பிளைட் ஏறுறீங்க? அப்ப விசா பல தடவை நுழையுறதுக்கானதான்னு பார்த்துக்குங்க. ஒரே தடவைக்கானதா இருந்தா திரும்பி வரும்போது உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில மாட்டிக்குவீங்க.

விசா வேற, வருகை அட்டை வேற. ரெண்டு நாட்டுக்கும் இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். சிங்கப்பூருக்குள்ள ரெண்டாம் தடவை நுழையும்போது மறுபடியும் நிரப்பணும். ரெண்டுமே இலவசம். கூகுள்ல தேடினா அரசாங்கப் பக்கம் மாதிரியே ஜோடிச்ச தளங்கள் முதல்ல வந்து நிக்கும், ஆளுக்கு இவ்வளவுன்னு கேட்கும். கார்டு நம்பரைக் கேட்டாலே மூடிடுங்க.

சரி, பணத்துக்கு வருவோம். ஒரு பயணத்துக்கு ஒருத்தர் 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு வெளிநாட்டு நோட்டு வாங்கலாம், மிச்சம் கார்டுலதான். உங்களுக்கு அவ்வளவு நோட்டே தேவைப்படாது. 50,000 ரூபாய்க்கு மேல வாங்கினா ரொக்கமாக் கொடுக்க முடியாது, பேங்க் கணக்குலேருந்து போகணும். ரூபாய் நோட்டாவே கொண்டுபோய் செராங்கூன் ரோட்டுல முஸ்தபா பக்கம் மாத்திக்கலாம்னு உங்க தம்பி சொன்னாரா? மாத்தலாம். ஆனா ஆளுக்கு 25,000 ரூபாய்க்கு மேல எடுத்துட்டுப் போகக் கூடாது. டிசிஎஸ்னு முன்கூட்டியே பிடிக்கிற வரியைப் பத்திக் கவலை வேண்டாம். நீங்களே டிக்கெட் போட்டு, நீங்களே டாலர் வாங்குறப்ப, நிதியாண்டுக்கு 10 லட்சம் தாண்டினாத்தான் பிடிப்பாங்க. பேக்கேஜ் டூர்னா முதல் ரூபாயிலேருந்தே உண்டு. பிடிச்சதை வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம்.

இனிமே சொல்றதுலதான் நிறையப் பேர் பணத்தை விடுறாங்க. கடையில கார்டைத் தேய்ச்சதும் அந்த மிஷின் கேட்கும்: இந்திய ரூபாயிலயா, சிங்கப்பூர் டாலர்லயா? ரூபாய்னா நமக்குப் புரியுமேன்னு கை அங்கதான் போகும். அழுத்தினீங்கன்னா மாத்துற ரேட்டை அந்த மிஷின்காரன் தன் லாபத்தைச் சேர்த்து வச்சுடுவான். டாலரையே அழுத்துங்க. ஏடிஎம்லயும் அப்படித்தான், மலேசியாவுல ரிங்கிட். அப்படியும் நம்ம ஊர் கிரெடிட் கார்டு பலதுல 3.5 சதவீதம் வரைக்கும் மார்க்கப், அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஃபாரெக்ஸ் கார்டுல அந்த ஊர்ப் பணத்தையே ஏத்திக்கிட்டா அது இல்ல. ஆனா டாலர் மட்டும் ஏத்தி அதை மலேசியாவுல தேய்ச்சா வேற கட்டணம் விழும், ரிங்கிட்டும் கொஞ்சம் ஏத்துங்க. சாதா கார்டுன்னா வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புறதுக்கு முன்னாலயே பேங்க் ஆப்ல திறந்து வைங்க. ஓடிபி வர்ற சிம்முக்கு ரோமிங்கும் போட்டுடுங்க.

பெட்டி கட்டும்போது ஒண்ணு: மாமா மெல்லுற புகையிலைக்குச் சிங்கப்பூர்ல தடை, ஒரு பொட்டலம்கூட வேண்டாம். சிகரெட்டும் வரி கட்டாம உள்ள போகாது. அங்க 100 சிங்கப்பூர் டாலருக்கு மேல சாமான் வாங்கினா கடையில பாஸ்போர்ட்டைக் காட்டுங்க, 9 சதவீத ஜிஎஸ்டியில பெரும்பகுதி சாங்கி ஏர்போர்ட்டுல திரும்பக் கிடைக்கும். தங்கம் மட்டும் ஆசைப்படாதீங்க. வரியில்லாம நகை கொண்டு வர்ற சலுகை வெளிநாட்டுல ஒரு வருஷத்துக்கு மேல இருந்தவங்களுக்குத்தான். உங்க ஆரம், வளையலைப் போட்டுட்டே போறதா இருந்தா, கிளம்புற அன்னிக்கு ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ்கிட்ட காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்குங்க. அதுக்குன்னு ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்க.