நீதிமன்றம் திறந்துவிட்ட பள்ளிக் கதவு

அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் 1918-ஆம் ஆண்டுக்குள் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டபோதிலும், உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாடுள்ள குழந்தைகளைப் பள்ளிக்கு வெளியிலேயே நிறுத்திவைக்க இடமளிக்கும் விதிவிலக்குகள் நெடுங்காலம் நீடித்தன. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 1919-இல் அளித்த தீர்ப்பு அக்காலத்து மனப்போக்கைத் தெளிவாகக் காட்டுகிறது: பாடங்களில் பின்தங்காத ஒரு மாணவனை, அவனது தடுமாறும் பேச்சும் முகக் கோணலும் வடியும் எச்சிலும் ஆசிரியர்களுக்கும் சக மாணவர்களுக்கும் அருவருப்பூட்டுகின்றன என்று கூறிப் பள்ளி நிர்வாகம் நீக்கியது செல்லும் என்றே நீதிபதிகள் முடிவு செய்தனர்.

இந்நிலையை மாற்றிய வாதம், விந்தையாக, எதிர்த்தரப்பிலிருந்தே முதலில் வெளிப்பட்டது. கறுப்பின மாணவர்களைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்குவது அரசமைப்புக்கு முரணானது என 1954-இல் தீர்ப்பான பிரவுன் வழக்கில், ஒதுக்கலை ஆதரித்துத் தென் கரோலினாவுக்காக வாதிட்ட ஜான் டேவிஸ், நிறத்தைக் கொண்டு பிரிப்பது தவறென்றால் பாலினம், வயது, அறிவுத்திறன் ஆகியவற்றைக் கொண்டு பிரிக்கும் உரிமையும் மாநிலங்களுக்கு இல்லாமற்போகும் என எச்சரித்தார். அவர் ஆபத்தாகச் சுட்டியதையே இருபது ஆண்டுகளுக்குள் பெற்றோர் தங்கள் உரிமைக் கோரிக்கையாக்கினர்.

பென்சில்வேனியாவில், ஐந்து வயதுக் குழந்தைக்குரிய அறிவு வளர்ச்சியை எட்டாதவர்களைச் சேர்க்க மறுக்கலாம் என்றிருந்த சட்டத்தை எதிர்த்து, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் அமைப்பு 1971-இல் தொடுத்த வழக்கை நடத்தியவர் தாமஸ் கில்ஹூல். எந்தக் குழந்தையும் கற்கும் ஆற்றலற்றதன்று என்ற நிபுணர் சாட்சியங்களின் முன் மாநில அரசு இறங்கிவந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை நீதிமன்றமே ஆணையாக்கும் இணக்க ஆணையோடு வழக்கு முடிந்தது. ஒரு குழந்தையை வேறு வகுப்புக்கு மாற்றுமுன் பெற்றோருக்கு அறிவித்து அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதே அவ்வாணையின் உயிர்நாடி எனலாம். வாஷிங்டன் நகரக் கல்வி வாரியத்துக்கு எதிரான மில்ஸ் வழக்கில் 1972-இல் தீர்ப்பளித்த நீதிபதி ஜோசப் வாடி, நிதிப் பற்றாக்குறையின் சுமை மற்ற மாணவர்களைவிட இக்குழந்தைகள்மீது கூடுதலாக விழக்கூடாது என்று கூறி, வாரியத்தின் பணமில்லை என்ற பதிலை நிராகரித்தார்.

பத்து லட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளிகளிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டிருப்பதாகக் காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், கண்டறிந்த பின்னணியில், 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இவ்விரு வழக்குகளின் சாரத்தை நாடு முழுமைக்கும் விரித்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் தேவையறிந்து எழுத்து வடிவில் வகுக்கப்படும் தனிநபர் கல்வித் திட்டமும், இயன்றவரை மற்றக் குழந்தைகளோடு சேர்ந்தே கற்கும் ஏற்பாடும் அதனால் கட்டாயமாயின. கல்வியின் தரம் பற்றிய தகராறு மட்டும் ஓயவில்லை: ஓரளவு பயன் கிடைத்தாலே போதும் என 1982-இல் கூறிய உச்ச நீதிமன்றம், பெயரளவு முன்னேற்றம் போதாது என ஒருமனதாகத் தெளிவுபடுத்த 2017 வரை ஆயிற்று.

ஒரு மாணவருக்கு ஆகும் தேசியச் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை, இச்சட்டத்தின்கீழ் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் மத்திய அரசு வழங்கும் என 1975-இல் அளிக்கப்பட்ட உறுதி ஓர் ஆண்டில்கூட நிறைவேறவில்லை. நிதியில்லை என்று பள்ளி வாரியம் சொல்லக் கூடாது எனத் தீர்ப்பான நாட்டில், அதே பதிலைக் காங்கிரஸ் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.