வயிறு, கல்லீரல் நோய்க்கு சென்னைக்குத்தான் ஓடணுமா? நெல்லை வரை வந்த சிறப்பு சிகிச்சை: முழு விளக்கம்

அம்பாசமுத்திரத்துல ஒருத்தர் ராத்திரி சாப்பிட்டுப் படுக்கிறார். நடுராத்திரி எழுந்து ரத்த வாந்தி எடுக்கிறார். ஏற்கெனவே கல்லீரல் பழுதாகி இருக்குன்னு சொல்லியிருக்காங்க. இப்போ அவரை எங்கே கொண்டு போவது?

ஒரு தலைமுறைக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குப் பதில் ரொம்பக் கஷ்டம். வயிறு, குடல், கல்லீரலுக்குன்னு தனி டாக்டர் வேணும்னா மதுரை, இல்லேன்னா நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிச்சு சென்னை. ஆனால் ரத்த வாந்தி எடுப்பவரை 600 கிலோமீட்டர் ரயிலில் வைத்துக் கொண்டு போக முடியாது. இப்படிப்பட்ட நோயாளிக்குக் கூடிய சீக்கிரம், முடிந்தவரை 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள்.

அதனால்தான் இந்தச் சிகிச்சை தாமிரபரணிக் கரை வரை எப்படி வந்தது, இன்னும் என்ன வரவில்லை என்பது நம்ம வீட்டுக் கதையும்தான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரத்த வாந்தி ஏன் வருது?

கல்லீரல் நீண்ட நாள் பாதிக்கப்பட்டால் அதில் தழும்பு விழுந்து கெட்டியாகிவிடும். இதைத்தான் 'சிரோசிஸ்', அதாவது கல்லீரல் சுருக்கம் என்கிறார்கள். குடலில் இருந்து வரும் ரத்தம் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். கல்லீரல் கெட்டியானால் ரத்தம் போக வழி இல்லாமல் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் உணவுக்குழாயில் உள்ள ரத்த நாளங்கள் புடைத்துக்கொள்ளும். அதில் ஒன்று வெடித்தால் ரத்த வாந்தி.

இதற்கு வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்ய வேண்டியதில்லை. எண்டோஸ்கோபி குழாயை வாய் வழியாக விட்டு, கசியும் ரத்த நாளத்தின் மேல் சின்ன ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிடுவார்கள். ஆனால் அதைச் செய்யப் பழகிய டாக்டரும் கருவியும் ஆம்புலன்ஸ் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். விஷயமே அதுதான்.

எண்டோஸ்கோபி எப்போ வந்தது?

வளையும் ஃபைபர் எண்டோஸ்கோப்பை 1957-ல் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். நோயாளிக்கு விடும் முன், அதை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார்! அதுவரை வயிற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய, எக்ஸ்ரேவையும் கைப்பழக்கத்தையுமே பெரும்பாலும் நம்ப வேண்டியிருந்தது.

அடுத்த திருப்பம் அல்சர். ஒரு காலத்தில் அல்சருக்கு ஆபரேஷன் சர்வசாதாரணம். உங்க தெருவுலேயே வயசான யாருக்காவது வயிற்றில் அந்தத் தழும்பு இருக்கலாம். காரமும் கவலையும்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தபோது, 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற கிருமிக்கு இதில் பெரிய பங்கு இருப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசும் கிடைத்தது. கத்தி வேண்டியிருந்த நோய், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வார மாத்திரையோடு முடிகிற நோயாக மாறிவிட்டது.

தமிழ்நாட்டில் எப்படித் தொடங்கியது?

இந்திய இரைப்பை குடல் மருத்துவர்கள் சங்கம் 1960-ல் உருவானது. தமிழ்நாட்டில் இந்தத் துறை வளர்ந்த முக்கிய இடம் சென்னை மருத்துவக் கல்லூரி. மருந்து மூலம் சிகிச்சை தரும் பிரிவில் பேராசிரியர் என்.மதனகோபாலனும், அறுவை சிகிச்சைப் பிரிவில் பேராசிரியர் என்.ரங்கபாஷ்யமும் இங்கே அடித்தளம் போட்டவர்கள். ரங்கபாஷ்யம் பத்மபூஷண் விருது பெற்றவர்.

அடுத்தது கல்லீரல் மாற்று. உலகில் முதல் முயற்சி 1963-ல் அமெரிக்காவில், தாமஸ் ஸ்டார்ஸில் என்ற அறுவை சிகிச்சை நிபுணரால் நடந்தது. இந்தியாவில் 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. அந்தக் குழந்தையின் ஊர் நம்ம காஞ்சிபுரம். கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அப்பா.

வசதி இல்லாதவங்களுக்கு? சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2009-ல் கல்லீரல் மாற்று சிகிச்சை தொடங்கியது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு அதற்கு முந்தைய ஆண்டான 2008-ல்தான் தமிழ்நாட்டில் முறைப்படுத்தப்பட்டிருந்தது. உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்ற அறிவிப்பு 2023 செப்டம்பரில் வந்தது.

நெல்லைக்கு என்ன வந்தது?

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி 1965-ல் தொடங்கப்பட்டது. நம்ம ஆட்கள் வாயில் அது 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி'. நெல்லை மட்டுமல்ல, தென்காசி, தூத்துக்குடி பக்கத்து மக்களும் பெரிய சிக்கல் என்றால் இங்கேதான் வருகிறார்கள்.

மத்திய அரசின் 'பிரதமரின் சுவாஸ்த்ய சுரக்ஷா யோஜனா' 2003-ல் அறிவிக்கப்பட்ட திட்டம். புது எய்ம்ஸ் கட்டுவது ஒரு பக்கம், ஏற்கெனவே இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் உயர் சிறப்பு சிகிச்சைப் பிரிவுகளைக் கொண்டுவருவது இன்னொரு பக்கம். இந்தத் திட்டத்தில் மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி மூன்று ஊர்களிலும் தலா சுமார் 150 கோடி ரூபாயில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனைக் கட்டடங்கள் எழுந்தன. 2019 ஜனவரி 27 அன்று மதுரையில் எய்ம்ஸ் அடிக்கல் நாட்டு விழாவிலேயே இந்த மூன்றையும் பிரதமர் மோடி திறந்துவைத்தார்.

எம்பிபிஎஸ், எம்டி படித்த பொது மருத்துவர் எல்லாவற்றையும் பார்ப்பது ஒரு கட்டம். இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், குடலுக்கும் கல்லீரலுக்கும் ஒருவர் என்று ஒரே வளாகத்தில் இருப்பது அடுத்த கட்டம். நெல்லை இப்போது அந்த அடுத்த கட்டத்தில் இருக்கிறது.

அப்போ எல்லாமே இங்கேயே முடிஞ்சிருமா?

இல்லை. கட்டடம் இரண்டு வருஷத்தில் எழும்பிவிடும், டாக்டர் அப்படி இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்க: எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு, எம்டி மூன்று ஆண்டு, அதன் பிறகு டிஎம் மூன்று ஆண்டு. குடல், கல்லீரல் சிறப்பு மருத்துவர் ஒருவர் உருவாக, நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் காலத்தைச் சேர்க்காமலேயே பதினொன்றரை ஆண்டு ஆகிறது. அவர் படித்து முடித்ததும் பெருநகரத் தனியார் மருத்துவமனைகள் கூப்பிடும். மாவட்டத் தலைநகரில் அவரை நிறுத்தி வைப்பதுதான் கட்டடம் கட்டுவதைவிடக் கஷ்டமான வேலை.

கல்லீரல் மாற்றுக்கு இன்னும் பெரிய படை வேண்டும். அறுவை சிகிச்சை நிபுணர்கள், மயக்க மருந்து நிபுணர்கள், ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் இருபத்துநாலு மணி நேரமும் தயாராக இருக்கணும். அதனால் அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று என்றால் இன்றும் முதலில் வருவது சென்னையின் பெயர்தான். செலவுக்கு, தகுதி உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கை கொடுக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சென்னையில் தங்குவது, துணைக்கு ஓர் ஆள், மாதாமாதம் செக்கப் என்று வரும் செலவுகள் குடும்பத்தின் தலையில்தான்.

மாற்று வரை போகாமல் தடுக்க முடியுமா?

முடியும். பெரிய ஆபரேஷன்களைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றுவது சின்ன ஊசியும் மாத்திரையும்தான்.

ஹெபடைடிஸ் பி: 2022 நிலவரப்படி இந்தியாவில் சுமார் 3 கோடி பேருக்கு இந்த வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தடுப்பூசிதான் அதைத் தடுக்கும். நாடு முழுவதும் இது இலவசம். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஆகும் முன், "பிறந்த உடனே போடுற மஞ்சக்காமாலை ஊசி போட்டாச்சா?" என்று நர்ஸிடம் கேளுங்கள்.

ஹெபடைடிஸ் சி: தடுப்பூசி கிடையாது, ஆனால் குணமாக்கும் மாத்திரை இருக்கிறது. பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால், 10 பேரில் 9 பேருக்கு மேல் வைரஸ் முழுசாகப் போய்விடும்.

இந்த இரண்டுக்கும் இலவசப் பரிசோதனையும் மருந்தும் தர தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. அந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க்கின் பிறந்தநாள் அது.

கொழுப்புக் கல்லீரல்: குடிக்காதவங்களுக்கும் வரும். சர்க்கரை நோய், தொப்பை, உடல் உழைப்பு இல்லாமை, இதுதான் இதன் கூட்டணி. 2021-ல் மத்திய அரசு இதைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அதாவது, சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கல்லீரலையும் கவனிக்க வேண்டும் என்பது நோக்கம். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் வீக்கம் குறையத் தொடங்கும். 80 கிலோ இருப்பவருக்கு அது 6 முதல் 8 கிலோ. அல்வாவையும் பார்டர் பரோட்டாவையும் மறக்கச் சொல்லவில்லை, தினசரி ஆக்காதீங்கன்னுதான் சொல்றோம்.

மது: மருந்து எவ்வளவு வந்தாலும் குடியை நிறுத்தாத கல்லீரலுக்குப் பலன் குறைவு. சுருக்கம் வந்த பிறகும்கூட, நிறுத்தினால் ஆயுள் கூடுகிறது. "இனிமே நிறுத்தி என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு தவறு.

தாமிரபரணித் தண்ணீருக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் கழிவு கலந்த தண்ணீர் வழியாகப் பரவுபவை. 1955-56-ல் டெல்லியில் யமுனைக் குடிநீரில் கழிவுநீர் கலந்து பல ஆயிரம் பேருக்குக் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி, நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் தரும் ஆறு. அதில் கழிவுநீர் கலப்பது தொடர்பான வழக்குகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிருக்கின்றன. ஆத்துத் தண்ணியைச் சுத்தமாக வைப்பதும் ஒரு கல்லீரல் சிகிச்சைதான். அதற்கு டிஎம் படிக்கத் தேவையில்லை.

கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மழை, வெள்ள நாட்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கணும்.

கீழாநெல்லி சாப்பிட்டா போதாதா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இதைச் சென்னை விஞ்ஞானிகளே ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், மேலே சொன்ன பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் 'லான்செட்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது என்றது அந்த ஆய்வு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

அப்புறம் ஏன் "எங்க அத்தைக்குச் சரியாச்சே" என்கிறார்கள்? ஹெபடைடிஸ் ஏ, ஈ காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். கீழாநெல்லி குடித்தாலும் சரியாகும், குடிக்காவிட்டாலும் சரியாகும். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும், கட்டி இருந்தாலும் கண் மஞ்சளாகும். அதற்கு மூலிகை குடித்துக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம். கண்ணில் சாறு ஊற்றுவது, கையில் சூடு போடுவது போன்றவற்றை எக்காரணம் கொண்டும் செய்யாதீங்க.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

• ரத்த வாந்தி, அல்லது தார் மாதிரி கருப்பாக மலம் போனால் உடனே 108-க்கு அழைக்கவும்.

• காமாலையோடு குழப்பமான பேச்சு, பகலெல்லாம் தூக்கம், கை நடுக்கம் இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

• காமாலையோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், வலது பக்க வயிற்று வலி இருந்தால் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம்.

• வயிறு வீங்கி, கால் வீங்கினால் கல்லீரல் பரிசோதனை அவசியம்.

• பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் காமாலை இருந்து, மலம் வெளிறிப் போனால் இது மிக முக்கியம். பித்தக் குழாய் அடைப்போடு பிறந்த குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை, 60 நாட்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். "வெயில்ல காட்டுனா சரியாயிடும்" என்று இந்தக் குழந்தையை வைத்திருக்கக் கூடாது.

எங்கே போவது என்று சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ தாலுகா மருத்துவமனையோ போனால் போதும். தேவைப்பட்டால் அவர்களே ஹைகிரவுண்டுக்கு அனுப்புவார்கள். பழைய ரிப்போர்ட், ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்க. அவசரத்தில் டாக்டருக்கு அதுதான் முதல் உதவி.