பூனைக்கு ஒரு கதவு, நாய்க்கு ஒரு பொட்டு

போன மாரியில் அம்மா குசினிப் படியில் விழுந்துவிட்டார். இரவு இரண்டு மணி இருக்கும். பூனை வெளியில் நின்று கதவைச் சுரண்டியிருக்கிறது. திறந்துவிட எழும்பிப் போனவருக்கு இருட்டில் கால் தடுக்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. ஆனாலும் ஒரு மாதம் கைத்தடியோடுதான் நடந்தார்.

"லைற்றைப் போட்டிட்டுப் போயிருக்கலாமே அம்மா?" என்று கேட்டேன்.

"இரவில லைற்றைப் போட்டுக்கொண்டோ கதவு திறக்கிறது?" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு இந்தப் பதிலை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒழுங்கையில் நாய் குரைத்தால் விளக்கை நூர்த்துவிட்டு, சப்பாத்துச் சத்தம் கடந்து போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. யுத்தம் 2009 இல் முடிந்துவிட்டது. அம்மாவின் இரவுப் பழக்கம் மாறவில்லை. இனி மாறும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆகவே அம்மா எழும்பத் தேவையில்லாமல், பூனை தானே வந்து போக ஒரு கதவு செய்வித்தேன். பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் தனியேயும் இருக்கிற வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனையோ. அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முந்தி எங்களுக்கு இந்தக் கதவுகள் தேவைப்படவில்லை. கிளுவைக் கதியாலும் பனையோலையும் வைத்து அடைத்த வேலியில் நாய் தனக்கென்று ஒரு பொட்டு வைத்துக்கொள்ளும். எத்தனை முறை அடைத்தாலும் அடுத்த கிழமை பக்கத்தில் இன்னொரு பொட்டு இருக்கும். பூனைக்குக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் வழி இருந்தது. இன்று வேலி இருந்த இடத்தில் மதில், படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற், யன்னலுக்கு வலை. பாதுகாப்பாக இருக்கிறோம். பிராணிகளின் வழிகளை மட்டும் அடைத்துவிட்டோம்.

அந்த வழி எவ்வளவு பெரிய விடயம் என்று நான் அறிந்தது 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி. வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்த அன்று, அப்பா கடைசியாகச் செய்த வேலை நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது, விலா எலும்பு தெரிய மெலிந்து, ஆனால் உயிரோடு அது முற்றத்தில் படுத்திருந்தது. வேலியில் அதன் பொட்டு இருந்தது. அதனால் வெளியே போய் எதையோ தேடித் தின்று பிழைத்திருக்கிறது. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மதில் வீடு. கேற்றைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களின் நாய்க்கு வெளியேற வழி இருக்கவில்லை. அந்த வீட்டார் இன்றும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு நாளில் வந்துவிடுவோம் என்று நினைத்துத்தான் எல்லோரும் பூட்டினோம்.

சரி, கதவுக்கு வருவோம். இது வெள்ளைக்காரரின் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அங்கேயும் பழைய வழக்கம்தான். இங்கிலாந்தின் எக்ஸெற்றர் பேராலயத்தில், பழைய வானியல் கடிகாரத்தின் கீழுள்ள கதவில் பூனைக்கு வெட்டிய வட்டத் துவாரத்தை இன்றும் பார்க்கலாம். எலி பிடிக்கப் பூனை போய்வர வைத்த வழி அது.

கனடாவிலிருந்து தம்பி ஒரு பிளாஸ்ரிக் பூனைக் கதவு அனுப்பினான். அது எங்கள் வேப்பம்பலகைக் கதவின் தடிப்புக்குப் பொருந்தவில்லை. பிராணியின் தோலுக்கடியில் வைத்த சிப்பை அடையாளம் கண்டு திறக்கும் கதவுகளும் அங்கே உண்டு. இங்கே ஓர் ஓடாவியாரின் அரை நாள் வேலை போதும்.

முதலில் அளவு. பிராணியின் அகலமான இடத்தை அளந்து இரண்டு அங்குலம் கூட்டுங்கள். துவாரத்தின் மேல்விளிம்பு, நிற்கும்போது அதன் தோள் இருக்கும் உயரத்தை விட ஓரிரு அங்குலம் மேலே இருக்கவேண்டும். கீழ்விளிம்பு வயிற்று மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. சந்தேகம் என்றால் ஒரு காட்போட் மட்டையில் வெட்டி, அதற்குள்ளால் தீனைக் காட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். சாதாரண பூனைக்கு ஆறு அங்குல அகலமும் ஏழு அங்குல உயரமும் தாராளம். குட்டிக்கு அளந்து வெட்டாதீர்கள், அது வளரும்.

அடுத்தது இடம். நான் முதலில் குசினிக் கதவின் அடியில்தான் வெட்ட நினைத்தேன். ஓடாவியார் மறித்தார். "தம்பி, பூனை வாற வழியால பாம்பும் வரும்." உண்மைதான். எட்டடி விரியன் இரவில் இரை தேடி வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களைத்தான் அது கூடுதலாகக் கடிக்கிறது. அதனால் கதவை விட்டு, நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் குசினி யன்னலின் மரப்பலகையில் துவாரம் வெட்டினோம். வெளியில் பூனை ஏறி நிற்க ஒரு சிறு தட்டு. பாம்பு ஏறவே ஏறாது என்று சொல்லமாட்டேன். ஆனால் நிலத்தோடு இருக்கும் ஓட்டையை விட இது எவ்வளவோ மேல். யன்னல் கம்பி இருப்பதால் கள்ளன் பயமும் இல்லை. கம்பிகளின் இடைவெளியில் உங்கள் பூனை புகுமா என்று மட்டும் முதலில் பாருங்கள். கொழுத்த கடுவன் என்றால் மாட்டுப்படும். எந்த வீடாக இருந்தாலும் முதியவர்கள் கட்டிலில், நுளம்புவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படுப்பது நல்லது.

கதவிலேதான் வெட்டவேண்டும் என்றால், உள்ளே கைவிட்டால் தாழ்ப்பாளோ திறப்போ எட்டாத இடமாகப் பாருங்கள். பெரிய நாய் புகும் துவாரத்தால் மெல்லிய ஆளும் புகுவான்.

தொங்கு பலகைக்கு மரம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதி இறுகிவிடும். கடற்கரை ஊர்களில் இரும்பு உக்கிவிடும். பாரமில்லாத, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்ரிக் தகடுதான் நல்லது. மறுபக்கம் தெரிந்தால் பூனை பயப்படாது. மேலே பிணைச்சல், இரு பக்கமும் சிறு இடைவெளி, காற்றில் அடிக்காமல் இருக்கக் கீழே ஒரு காந்தப் பட்டி. பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு றப்பருக்குள் அந்தப் பட்டி இருக்கும்.

பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். முதல் சில நாள் தகட்டைத் தூக்கிக் கட்டிவிட்டு, மறுபக்கத்தில் மீன் வையுங்கள். பிறகு பாதியளவு இறக்குங்கள். கடைசியில் முழுதாக விடுங்கள். பிடித்துத் தள்ளாதீர்கள். ஒருமுறை பயந்தால் பிறகு கிட்டவும் வராது. எங்கள் பூனைக்குப் பத்து நாள் எடுத்தது.

சுதந்திரமாகத் திரியும் பிராணிக்கு வருடாவருடம் விசர்நாய்த் தடுப்பூசி போடவேண்டும். பூனைக்கும்தான். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாய்க்கு றோட்டுப் பக்கம் வழி விடாதீர்கள். வாகனத்தில் அடிபடும், போவோர் வருவோரைக் கடிக்கும். ஆனால் மதில் கட்டுகிறவர்கள் பின்வளவுப் பக்கம் நாய் புகும் அளவுக்கு ஒரு பொட்டு விடும்படி மேசனிடம் முதலே சொல்லுங்கள். அதற்குத் தூக்கித் திறக்கும் ஒரு பலகை போடுங்கள். எப்போதும் மூடியே இருக்கட்டும். வீட்டைப் பூட்டிவிட்டுத் திடீரென்று போகவேண்டி வந்தால், அந்தப் பலகையை இழுத்துவிட்டுப் போகலாம். அப்படி ஒரு நாள் திரும்ப வரக்கூடாது. வந்தால் கேற் திறப்பைத் தேடுகிற நேரத்தில் நாயின் நினைப்பு வராது.

அம்மா இப்போது இரவில் எழும்புவதில்லை. யன்னல் தகடு 'டக்' என்று அடித்தால், "வந்திட்டுது" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்.