கறிவேப்பிலைச் சாடிக்குள் எறும்பு: மருந்து வாங்கமுதல் ஒரு வாளி தண்ணீர்

பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் எங்கள் ஆட்களின் கனக்க வீடுகளில் கறிவேப்பிலைச் சாடி இருக்கும். மே மாதம் விக்டோரியா தினம் கழிய அதை வெளியில் வைப்பார்கள். செப்ரெம்பரில் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கமுதல் உள்ளே எடுத்துவிடுவார்கள். இந்த இடைக்குள்தான் எறும்பு சாடியில் கூடு கட்டுகிறது. பார்க்காமல் தூக்கி வந்தால் கூடு முழுவதும் உங்கள் பேஸ்மென்ற்றுக்குள் வந்துவிடும். வந்து இரண்டு மாதத்தில் வீட்டுக்காரரோடு பிரச்சினை யாருக்கு வேண்டும்? ஓகஸ்ட் கடைசியிலேயே சாடியைச் சோதித்துப் பாருங்கள்.

சோதிப்பது சுலபம். சாடிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். எறும்புகள் அரிசி மாதிரி வெள்ளைக் கூட்டுப்புழுக்களைக் கவ்விக்கொண்டு மேலே ஓடி வந்தால் உள்ளே கூடு இருக்கிறது. மண் காய்ந்து பொருபொருவென்று இருந்தால் எறும்புக்கு வலு வசதி. தண்டில் மட்டும் ஏறி இறங்குகிறதென்றால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மண்ணிறப் பொட்டு மாதிரி செதிள்பூச்சி ஒட்டியிருக்கும், இலை பிசுபிசுக்கும். அந்த இனிப்புக் கசிவுக்குத்தான் எறும்பு வருகிறது. சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் பூச்சியைத் துடைத்து எடுங்கள். அதை விட்டுவிட்டு எறும்பை மட்டும் கலைத்தால் திரும்பவும் வரும்.

கூடு இருந்தால் இப்படிச் செய்யுங்கள். சாடியைவிடப் பெரிய வாளியை வெளியில், வீட்டுச் சுவருக்குத் தள்ளி வையுங்கள். சாடியை உள்ளே இறக்கி, மண்ணுக்கு மேல் ஒரு விரல் அளவு தண்ணீர் நிற்கும்வரை ஊற்றுங்கள். ஒரு தடியைச் சாடியிலிருந்து புல்லுக்குப் பாலம் போலச் சாய்த்து வைத்தால் எறும்பு அதன் வழியே தன்பாட்டில் போய்விடும். அரை மணித்தியாலம் போதும். பிறகு தூக்கித் தண்ணீரை நன்றாக வடிய விடுங்கள். கனநேரம் ஊறினால் கறிவேப்பிலை வேர் அழுகும். மூன்று நாலு நாள் விட்டு இன்னொரு தரம் செய்யுங்கள், முதல் தரத்தில் எல்லாம் போகாது. அதற்கும் போகாவிட்டால் செடியைக் கழற்றிப் பழைய மண்ணை உதறி, புது மண்ணில் நட வேண்டியதுதான். கொதிதண்ணீர், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். எறும்போடு செடியும் போய்விடும்.

மருந்து விஷயத்தில் கவனம். இது கறிக்குப் போடுகிற இலை. மண்ணில் போட்ட நஞ்சு சட்டிக்கு வரலாம். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் புல்தரைக்கும் தோட்டத்துக்கும் அழகுக்காக அடிக்கும் பல பூச்சிமருந்துகளை விற்பதும் பாவிப்பதும் தடை. ஊரிலிருந்து யாரும் கொண்டுவந்து தரும் பவுடர், எறும்புச் சோக்குக்கட்டி எதையும் பாவிக்க வேண்டாம். அந்தச் சோக்கு பள்ளிக்கூடச் சோக்கு மாதிரியே இருக்கும், பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள். போரிக் அமிலத்தைச் சீனியோடு வீட்டில் கலக்கும் வழக்கமும் உண்டு. அதைத் தவிர்க்கும்படி கனடா சுகாதார அமைச்சு 2016இல் சொன்னது. வேண்டுமானால் கடையில் மூடிய எறும்புப் பொறி வாங்கி, சாடிக்கு உள்ளே அல்ல, பக்கத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். லேபிளில் பி.சி.பி. பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிள்ளை ஏதாவது விழுங்கிவிட்டால் ஒன்ராறியோ நஞ்சுத் தகவல் நிலையம்: 1-800-268-9017. 24 மணிநேரமும் இலவசம். மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் நேரே 911.

எறும்பு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டதா? பயந்து மறைக்காமல் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். திகதியோடு எழுதிக் கொடுத்து ஒரு பிரதி வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைத் திருத்தமாக வைத்திருப்பது அவர் பொறுப்பு. ஆனால் குசினியையோ குளியலறையையோ வீட்டுச் சொந்தக்காரரோடு சேர்ந்து பாவிப்பதென்றால் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. பேசித்தான் தீர்க்க வேண்டும். எப்படியென்றாலும், "முறைப்பாடு செய்தால் என்ரை கேசுக்குப் பிழை வருமோ" என்று கனபேர் எங்களிடம் கேட்கிறார்கள். வராது. உங்கள் அகதிக் கோரிக்கையை விசாரிப்பது குடிவரவு, அகதிகள் சபை. அதில் வீட்டுக்காரருக்கு ஒரு வேலையும் இல்லை.