ஒரே விளையாட்டு, நாட்டுக்கொரு வேடம்

பண்பொழியிலும் சுற்றுவட்டாரத்திலும் இளைஞர்கள் கைப்பேசியில் ஆடும் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’வைப் பெற்றோர் பலர் இன்னும் ‘பப்ஜி’ என்றே அழைக்கின்றனர். பெயர் மாறிய வரலாற்றை அறிந்தால், ஒரு விளையாட்டு நாட்டுக்கு நாடு வேறு வடிவில் வெளிவருவது ஏன் என்பதும் விளங்கும்.

பப்ஜி தென்கொரியாவில் பிறந்தது. அதன் கைப்பேசிப் பதிப்பை இந்தியாவில் வெளியிட்டதோ டென்சென்ட் என்னும் சீன நிறுவனம். எல்லையில் பூசல் மூண்ட 2020-ஆம் ஆண்டு, செப்டம்பர் 2-ஆம் நாள், நடுவண் அரசு தடைசெய்த 118 செயலிகளுள் இதுவும் ஒன்று. கொரிய நிறுவனமான கிராஃப்டன் வெளியீட்டுப் பொறுப்பைத் தானே ஏற்று, 2021 ஜூலையில் இந்தியாவுக்கெனத் தனிப் பதிப்பைக் கொணர்ந்தது. அதில் குருதி பச்சை நிறம் பெற்றது. பதினெட்டு வயது நிரம்பாதோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம், 7,000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என விதித்தனர். நாளொன்றுக்கு ஏழாயிரம்! கூலி வேலைக்குச் செல்லும் தந்தைக்கு இஃதொரு வரம்பாகுமா? வயதைக் கூட்டிச் சொல்லும் சிறுவனை இவ்விதிகள் எவ்வாறு தடுக்கும்? 2022 ஜூலையில் இதுவும் தடைக்குள்ளாகி, 2023 மே மாதம் திரும்பியது.

சீனாவில் 2019-இல் வந்த பதிப்பிலோ, சுடப்பட்டவன் மடிவதில்லை. கையசைத்து விடைபெற்று மறைகிறான்! ஜெர்மனியில் நாசிச் சின்னங்களைச் சட்டம் தடுப்பதால், 2018 வரை அவற்றை நீக்கியே விளையாட்டுகளை வெளியிட்டனர்.

நமக்கு நெருங்கிய செய்தி ஒன்றும் உண்டு. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘செல்டா’ வரிசையில் 1991-இல் வந்த விளையாட்டில் ஆலயமும் குருவும் இடம்பெற்றனர். மறு ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்றபோது ஆலயம் பொதுவானதொரு புகலிடமாகவும், குரு ஞானியாகவும் மாறினர். வேறு விளையாட்டுகளில் கல்லறைச் சிலுவைகளையும் அழித்தனர். இது சமயத்தின்மேல் கொண்ட வெறுப்பன்று. எவர் மனமும் புண்பட்டு விற்பனை குறைந்துவிடலாகாதே என்னும் வணிக அச்சம். சிலுவையை அகற்றியவர்கள் வாளை அகற்றவில்லை என்பதையும் நோக்குக.

தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. பழைய தொலைக்காட்சிகள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நொடிக்கு 60 முறையும், இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 50 முறையும் படத்தைப் புதுப்பித்தன. திருத்தியமைக்காத விளையாட்டு இங்கே ஆறிலொரு பங்கு மெதுவாகவே ஓடும்.

இன்று எஞ்சியிருப்பது பெரிதும் விலைக் கணக்கே. ஒவ்வொரு நாட்டின் வாங்கும் ஆற்றலுக்கேற்ப விலை வைப்பதால், மலிவான நாட்டில் வாங்கியது பிற நாட்டில் இயங்காதபடி பூட்டு இடுவதுண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொணரும் பிளேஸ்டேஷன் 4 தட்டு இங்கே ஓடும். ஆயினும் இணையத்தில் பின்னர் வாங்கும் கூடுதல் பகுதி அதனோடு பொருந்தாமற் போகலாம். பணம் கட்டுமுன் தட்டின் உறையிலுள்ள வட்டாரக் குறியைப் பார்த்துக்கொள்க.