பெயரில்லாத தெருக்களில் ஒரு நடை

பிள்ளைகள் வேலை நிமித்தம் டோக்கியோவில் குடியேறியிருக்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல உண்டு. இரண்டு மூன்று மாதம் தங்கிவரப் போகும் பெற்றோருக்காக மகனோ மகளோ ஒரு பட்டியல் தயாராக வைத்திருப்பார்கள்: டோக்கியோ கோபுரம், ஃபுஜி மலை, டிஸ்னிலாந்து. அவையெல்லாம் சனி, ஞாயிறுகளில் முடிந்துவிடும். மற்ற ஐந்து நாட்களும் பிள்ளைகள் அலுவலகம் போனபின் பகல் நீண்டு கிடக்கும். அந்தப் பகல்களில் எந்தத் திட்டமும் இல்லாமல் சும்மா நடந்து பாருங்கள் என்பதே இக்கட்டுரையின் யோசனை. பொழுதைப் போக்குவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தன்னைத் தானே கொஞ்சம் தெரிந்துகொள்ள அந்நகரத்தைப் போல் தோதான இடங்கள் குறைவு. அதற்குக் காரணம் அது அமைந்திருக்கும் விதம்.

முகவரியின் விந்தை

டோக்கியோவில் பெரிய சாலைகளுக்குத்தான் பெயர் உண்டு. மற்றத் தெருக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே கிடையாது. முகவரியில் முதலில் வட்டாரத்தின் பெயர் வரும். அடுத்து 'சோமே' என்னும் உட்பிரிவின் எண், பிறகு மனைத் தொகுதியின் எண், கடைசியில் கட்டடத்தின் எண். டெல்லியில் பாக்கெட், பிளாக் என்று தேடிப் பழகியவர்களுக்கு இது ஓரளவு புரியும். பழைய முறையில் நிலம் பதிவான வரிசைப்படி எண்கள் அமைந்ததால் 5-க்குப் பக்கத்திலேயே 18 நிற்கும். 1962-ல் வந்த சட்டத்துக்குப் பின் பல வட்டாரங்களில் எண்கள் ஒழுங்குக்கு வந்தன. தெருக்களுக்கு மட்டும் பெயர் வரவில்லை.

தெருக்கள் வளைந்து நெளிந்து போவதற்கும் வரலாறு உண்டு. 1603-ல் தொக்குகாவா இயேயாசு ஷோகன் ஆனபோது இவ்வூரின் பெயர் எதோ. கோட்டையையும் அகழிகளையும் நடுவில் வைத்து, மேடும் பள்ளமுமான நிலத்தின் போக்கிலேயே ஊர் வளர்ந்தது. 1868-ல் டோக்கியோ என்று பெயர் மாறியது. 1923 செப்டம்பர் 1-ல் பூகம்பமும் தீயும், 1945 மார்ச் 10-ல் விமானக் குண்டுவீச்சும் ஊரின் பெரும் பகுதியை அழித்தன. அப்படியும் பல இடங்களில் பழைய சந்துகளின் போக்கிலேயே மறுபடி வீடுகள் எழுந்தன.

ஆகவே அங்கே அடையாளங்களை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். மூலையில் ஒரு தோஃபு கடை, அதைத் தாண்டிக் கோயில் மரம், பிறகு படிக்கட்டு. கண்ணை மூடிக்கொண்டு பழக்க தோஷத்தில் நடக்க முடியாத ஊர் அது.

தொலைந்தால் என்ன?

23 வார்டுகளில் 97 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரத்தில் வழி தவறினால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானதே. ஆங்காங்கே 'கோபன்' எனப்படும் சிறிய காவல் கூடங்கள் இருக்கின்றன. வழி கேட்டு வருவோருக்கு உதவுவது அங்குள்ள காவலர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. மகன் வீட்டு முகவரியை ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

மற்றொரு துணை யாமனோத்தே ரயில். நகரின் நடுப்பகுதியைச் சுற்றி வட்டமாக ஓடும் இந்தப் பாதை 34.5 கிலோமீட்டர் நீளம், 30 நிலையங்கள் கொண்டது. ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். எந்தப் பக்கம் ஏறினாலும் புறப்பட்ட நிலையத்துக்கே வந்து சேரலாம். கைத்தொலைபேசியில் வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். அது பையிலேயே இருக்கட்டும். கால் வலித்தபின் எடுத்தால் போதும்.

முன்னால் நடந்தவர்

இப்படி நடப்பது அவ்வூருக்குப் புதிதல்ல. நகாய் காஃபூ (1879-1959) என்ற எழுத்தாளர் அமெரிக்காவிலும் பிரான்சிலும் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு 1908-ல் ஊர் திரும்பினார். பழைய நகரம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. அவர் மரக்கட்டைச் செருப்பு மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு, எதோ காலத்து வரைபடத்துடன் காரியம் ஏதுமின்றித் தெருத்தெருவாக நடந்தார். அந்த நடைகள் 1915-ல் 'ஹியோரி கெதா' என்னும் நூலாக வந்தன. நூலின் அத்தியாயங்கள் மரங்கள், கோயில்கள், நீர்நிலைகள், சந்துகள், காலி மனைகள், சரிவுப் பாதைகள், அந்தி வெயில் என்று போகின்றன. அவர் கால் எதெதற்கெல்லாம் நின்றது என்பதன் கணக்கு அது. ஊரைப் பற்றிய நூல்தான். ஆனாலும் படிப்பவருக்கு அந்த மனிதரைத் தெரிந்துவிடுகிறது.

நமக்கு என்ன கிடைக்கும்?

வெளியூரில் பிழைக்க வந்த நமக்குத் தேவைக்கு நடந்துதான் பழக்கம். முப்பது ஆண்டு டெல்லியில் இருந்தும் அலுவலகம், பள்ளிக்கூடம், கரோல்பாக், மலை மந்திர் தவிர வேறு தெரு அறியாதவர்கள் எத்தனை பேர்! அலுவலகத்தில் பதவி, வீட்டில் அப்பா, அம்மா என்ற பொறுப்பு. பதவி முடிந்து, பிள்ளைகளும் தலையெடுத்தபின், 'எனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்டால் பலருக்குப் பதில் வருவதில்லை. டோக்கியோ தெருவில் நம் பதவி தெரிந்தவர் இல்லை. என்ன ஊர், என்ன வேலை என்று விசாரிப்பார் இல்லை. கடைப் பலகையைக்கூட நம்மால் படிக்க முடியாது. அங்கே நம் கால் ஓரிடத்தில் நின்றால், அது முழுக்க நம் விருப்பத்தால் நின்றதுதான்.

தொடங்குவதற்கு ஓரிடம் சொல்கிறேன். யாமனோத்தே ரயிலில் நிப்போரி நிலையத்தில் இறங்கினால் யானகா வட்டாரம். பூகம்பத்துக்கும் குண்டுக்கும் பெரிதும் தப்பிய பகுதி. சிறு கோயில்கள், மர வீடுகள், வாசலில் வரிசையாகப் பூந்தொட்டிகள், சிவப்புத் துணி கட்டிய ஜிசோ சிலைகள். நம் தெருமுனைப் பிள்ளையாரின் நினைவு வரும். அங்கிருந்து மனம்போல் நடந்தால் உயேனோ பூங்காவில் ஷினோபாசு குளக்கரையை அடையலாம். குளத்தின் நடுவே கோயில் கொண்டிருப்பவள் பென்சைதென். பௌத்தத்தின் வழியே ஜப்பான் சென்ற நம் சரஸ்வதியேதான்.

வீடு திரும்பியதும் எங்கெங்கே நின்றோம் என்று நாலு வரி எழுதி வையுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே நடந்தாலும் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் பூந்தொட்டிகளையும் மற்றவர் தச்சுப் பட்டறையையும் எழுதியிருக்கலாம். பத்து நாள் பட்டியலைச் சேர்த்துப் படித்தால் ஒரே வகைப் பொருள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஞானோதயம் என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் ஊர் திரும்பியதும் தோட்ட வேலையா, தச்சு வேலையா, பழைய புத்தகமா, எதைக் கையில் எடுப்பது என்பதற்கு அந்தப் பட்டியல் நல்ல துப்பு. போய் வருகிறவர்கள் தங்கள் பட்டியலை நம் இதழுக்கும் எழுதி அனுப்பினால் மற்றவர்களும் படித்து மகிழலாம்.