சங்கிலிப் பறிப்பு: பவுன் கணக்குக்கு அப்பால்

இருசக்கர வாகனத்தில் சென்ற பெண்ணிடம் சங்கிலி பறிக்கப்பட்டது என்ற செய்தியைக் கேட்டதும், 'எத்தனை பவுன்?' என்றே நம்மில் பலரும் முதலில் கேட்கிறோம். ஆனால், ஓடும் வண்டியில் இருப்பவரின் கழுத்தைப் பற்றி இழுப்பது அவரைச் சாலையில் தள்ளிவிடுவதற்கு ஒப்பானது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கீழே விழுபவருக்குத் தங்கத்தின் எடை ஒரு பொருட்டல்ல. தலை தார்ச்சாலையில் மோதியதா இல்லையா என்பதே கேள்வி. இதை நகைத் திருட்டாக மட்டும் பார்ப்பது குற்றத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்தக் குற்றத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி வரை காலை எட்டு மணிக்குப் பயணம் செய்தால், ஸ்கூட்டரில் செல்லும் பெண்கள் எத்தனை பேர் என்று வியப்பேன். ஆசிரியர்கள், செவிலியர்கள், ஜவுளிக்கடை ஊழியர்கள், கல்லூரி மாணவிகள், பிள்ளைகளைப் பள்ளியில் விடும் தாய்மார்கள் எனப் பலரும் அதில் அடக்கம். பணிக்குச் செல்லும் பெண்களுக்கு இருசக்கர வாகனம் வாங்க 25 ஆயிரம் ரூபாய் வரை மானியம் அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2018 பிப்ரவரியில் தொடங்கியபோது, அதன் அடிப்படையும் இதுதான்: பேருந்து நேரத்துக்குக் கட்டுப்படாமல் வேலைக்குச் சென்று திரும்ப முடிகிற பெண்ணால், தொலைவில் உள்ள வேலையையும் ஏற்க முடியும்.

ஒரு தெருவில் ஒரு சங்கிலி பறிபோனால், அந்தத் தெருவின் பத்து வீடுகளில் 'இனித் தனியாக வண்டியில் போக வேண்டாம்' என்ற பேச்சு எழுகிறது. மாலை வகுப்பு நிற்கிறது. இரவுப் பணி மறுக்கப்படுகிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். நகையை இழந்தவர் ஒருவர். இழப்பைச் சுமப்பவர்கள் பலர். முதல் தகவல் அறிக்கையில் இந்த இழப்பு இடம்பெறுவதில்லை.

பறிப்பவரின் கணக்கு

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கேரி பெக்கர், 1968இல் குற்றத்தைப் பொருளியல் கண்கொண்டு ஆராய்ந்தார். குற்றம் செய்பவர் மூன்றைக் கணக்கிடுகிறார் என்பது அவரது வாதத்தின் சாரம்: கிடைக்கும் ஆதாயம், பிடிபடும் வாய்ப்பு, பிடிபட்டால் வரும் தண்டனை. சங்கிலிப் பறிப்புக்கு இது நன்கு பொருந்துகிறது.

முதலில் ஆதாயம். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் ஏறக்குறைய 25 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. 2025 அக்டோபரில் அது 90 ஆயிரம் ரூபாயைக் கடந்தது. ஐந்து பவுன் சங்கிலியின் மதிப்பு ஒன்றேகால் லட்சத்திலிருந்து நாலரை லட்சமாக உயர்ந்துவிட்டது. பறிக்கும் நேரம் அதே சில நொடிகள்தான்.

அடுத்து தண்டனை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பறிப்பை 304ஆம் பிரிவில் தனிக் குற்றமாக வரையறுத்துள்ளது. அதற்கான தண்டனை மூன்றாண்டுகள் வரை சிறையும் அபராதமும். ஆனால், பறிக்கும்போது காயம் விளைவித்தாலோ, உடனடிக் காயம் நேரும் என்ற அச்சத்தை ஏற்படுத்தினாலோ அது 309ஆம் பிரிவின்கீழ் வழிப்பறியாகலாம். அதற்குப் பத்தாண்டுகள் வரை கடுங்காவல் உண்டு. வழிப்பறியின்போது வேண்டுமென்றே காயம் விளைவித்தால் தண்டனை ஆயுள் சிறைவரை நீளக்கூடும். ஆகவே, வண்டியிலிருந்து விழுந்து காயமுற்றவர், சிராய்ப்புதானே என்று விட்டுவிடாமல் மருத்துவமனையில் பதிவு செய்து, அதைப் புகாரிலும் குறிப்பிடுவது அவசியம். கழுத்தில் சங்கிலி அறுத்த தழும்பும் காயமே.

ஆனால், தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764லேயே எழுதினார். 2025 மார்ச் 25 அன்று காலை சென்னையின் தென்பகுதியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துப் பல இடங்களில் சங்கிலிகள் பறிக்கப்பட்டன. வெளிமாநிலத்திலிருந்து வந்த சந்தேக நபர்கள், அன்றே விமானத்தில் தப்ப முயன்றபோது விமான நிலையத்தில் பிடிபட்டனர். அவர்களில் ஒருவர் பின்னர் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தது தனி விவாதத்துக்கு உரியது. இங்கே கவனிக்க வேண்டியது, தகவல் விமானத்தைவிட விரைவாகச் சென்றது என்பதைத்தான்.

கழுத்தே பெட்டகம்

'நகை அணியாமல் போனால் என்ன?' என்று கேட்பது எளிது. லைன் வீட்டிலும் ஒற்றை அறை வாடகை வீட்டிலும் வசிப்பவருக்கு வங்கிப் பெட்டகம் இல்லை. நாள் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டைவிடக் கழுத்தே பாதுகாப்பு என்று அவர் கருதுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கும் விதைப்புச் செலவுக்கும் அடகு வைப்பது அந்தச் சங்கிலியைத்தான். பல பெண்களுக்குத் தம் பெயரில் உள்ள ஒரே சொத்தும் அதுவே. எனவே, எச்சரிக்கை சொல்லும்போது குற்றப் பொறுப்பை அணிந்தவர்மீது ஏற்றிவிடக் கூடாது.

அதே நேரம், எச்சரிக்கையால் பயன் இல்லாமலும் இல்லை. கோஹன், ஃபெல்சன் என்ற இரு சமூகவியலாளர்கள் 1979இல் ஓர் எளிய விளக்கத்தை முன்வைத்தனர். குற்றம் செய்ய எண்ணுபவர், எளிய இலக்கு, தடுக்க யாருமில்லாச் சூழல் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்போது குற்றம் நிகழ்கிறது. ஒன்றை விலக்கினாலும் அது தடைபடுகிறது. நம் பள்ளத்தாக்கில் இவை கூடத்தக்க இடங்களை ஊகிப்பது கடினமல்ல: திராட்சைத் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே செல்லும் இணைப்புச் சாலைகள், வாய்க்கால் கரைச் சாலைகள், கடைகளற்ற புறவழிச்சாலைகள். ஏலத் தோட்டத்து ஜீப்பைப் பிடிக்க விடியுமுன் புறப்படுவோரின் பாதைகளும், சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிந்து இரவில் திரும்புவோரின் பாதைகளும் இவற்றோடு சேரும்.

வண்டியில் செல்பவர் செய்யத்தக்கவை

முதலாவது தலைக்கவசம். ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் அது சட்டப்படி கட்டாயம். விபத்தில் இறக்கும் வாய்ப்பை ஏறக்குறைய 40 சதவீதமும், தலைக்காய வாய்ப்பை ஏறக்குறைய 70 சதவீதமும் அது குறைப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. பறிப்பைத் தலைக்கவசம் தடுக்காது; பறிப்பு மரணமாவதைத் தடுக்கும். தாடைப்பட்டையை இறுக மாட்டியிருந்தால்தான் இந்தப் பயன் கிட்டும்.

இரண்டாவது, நகை வெளியே தெரியாமை. கழுத்தை மூடும் மேற்சட்டை போதுமானது. துப்பட்டாவைச் சுற்றுபவர்கள் அதன் முனை சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ள வேண்டும். நெடுந்தொலைவு செல்லும் நாளில் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து அணியும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. தாலியின் மதிப்பு எடையில் இல்லை என்பதால் அதில் குறையேதும் இல்லை.

மூன்றாவது, பின்பார்வைக் கண்ணாடி. மடக்கி வைத்த கண்ணாடியால் பயனில்லை. இருவர் அமர்ந்த வண்டி ஒன்று முந்திச் செல்ல இடமிருந்தும் முந்தாமல், நம் வேகத்திலேயே தொடர்ந்து வந்தால் ஐயப்படலாம். அப்போது ஆளற்ற தெருவுக்குள் திரும்புவதோ வீட்டு வாசலில் நிறுத்திக் கதவைத் திறக்க முயல்வதோ கூடாது. பெட்ரோல் பங்க், தேநீர்க் கடை எனப் பலர் நிற்கும் இடத்தில் நிறுத்துவதே நல்லது. வேகத்தடை, திருப்பம், வீட்டு வாசல் ஆகிய மூன்றிலும் வண்டியின் வேகம் குறைகிறது. கவனம் கூட வேண்டிய இடங்களும் அவையே. சாலையோரம் நின்று கைப்பேசியில் பேசுபவர் சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது.

சேலை உடுத்தி ஒருபுறமாக அமர்பவருக்குப் பிடிமானம் குறைவு. ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். தோளில் குறுக்காக மாட்டிய பையை இழுத்தால் ஆளும் சேர்ந்து விழுவார். ஓடும் வண்டியில் பை இருக்கைக்கு அடியில் இருப்பதே பாதுகாப்பு. ஆனால், நிறுத்திய வண்டிக்கு நேர்மாறான விதி பொருந்தும். வங்கியில் எடுத்த பணத்தை இருக்கைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடைக்குள் செல்லக் கூடாது. அதன் பூட்டு எளிதில் நெம்பித் திறக்கக்கூடியது. 'கீழே பணம் விழுந்து கிடக்கிறது', 'வண்டியில் ஆயில் ஒழுகுகிறது', 'நாங்கள் போலீஸ், நகையைக் கழற்றிப் பையில் வையுங்கள்' என்பன கவனத்தைத் திருப்பும் பழைய உத்திகள். ஏல வணிகரும் விளைபொருள் விற்ற உழவரும் பணத்தோடு செல்லும் நாளில் இடையில் எங்கும் நிற்காமல் வீடு சேர்வது நல்லது.

இவ்வளவுக்குப் பின்னும் கை கழுத்தில் விழுந்தால், சங்கிலியைப் பிடித்துப் போராட வேண்டாம். இரு கைகளும் கைப்பிடியை விடாமல், வண்டியை மெல்ல ஓரங்கட்ட வேண்டும். துரத்திச் செல்வது இன்னொரு விபத்தையே வரவழைக்கும்.

முதல் பத்து நிமிடங்கள்

நம் பள்ளத்தாக்கின் அமைப்பில் ஒரு சாதகம் இருக்கிறது. மேற்கிலும் தெற்கிலும் மலை. கேரளத்துக்குள் செல்லும் முதன்மைச் சாலைகள் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய மூன்றே. கிழக்கே ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக உசிலம்பட்டி, மதுரை. வடக்கே பெரியகுளம் வழியாக வத்தலக்குண்டு. பெருநகரில் தப்பிக்க நூறு சந்துகள் உண்டு. இங்கே முதன்மையான வாசல்கள் ஐந்து. தகவல் பத்து நிமிடத்தில் சென்றால் ஐந்தையும் கண்காணிக்க இயலும். ஒரு மணி நேரம் கழித்துச் சென்றால் ஐந்தும் திறந்தே கிடக்கும்.

ஆகவே, உறவினரை அழைக்குமுன் 112ஐ அழைக்க வேண்டும். வண்டி எண் போலியாக இருக்கலாம். வண்டியின் வகை, நிறம், சென்ற திசை, பின்னால் இருந்தவரின் சட்டை, காலணி ஆகியவற்றைச் சொல்வது பயன் தரும். எந்தக் காவல் நிலையத்தின் எல்லை என்ற கேள்வி தடையாக வேண்டியதில்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் அளிக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு வழிசெய்கிறது. மின்னணு வழியிலும் அளிக்கலாம். மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உரிமை. பறிபோனது கைப்பேசி என்றால், மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதன் பயன்பாட்டை முடக்கலாம்.

வாங்குபவர் இல்லாவிட்டால்

பறித்த சங்கிலியை உண்ண முடியாது. யாரோ ஒருவர் அதை வாங்கியாக வேண்டும், அல்லது அடகு பிடித்தாக வேண்டும். சாலையைக் கண்காணிக்கும் அளவுக்கு இந்தச் சந்தையை நாம் கண்காணிப்பதில்லை. திருட்டுப் பொருள் என அறிந்து வாங்குவது 317ஆம் பிரிவின்படி குற்றம். அடகுக்கடைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழகத்தில் 1943 முதல் இருக்கிறது. கண்ணி அறுந்த சங்கிலியோடு, ரசீதும் இல்லாமல், சந்தை விலைக்கு மிகக் குறைவாகக் கேட்பவரை நேர்மையான வணிகர் எளிதில் அடையாளம் காண்பார். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி கட்டாயம். அந்த எண்ணைக் குறித்துவைப்பதும், நகையைப் படமெடுத்து ரசீதோடு பத்திரப்படுத்துவதும் ஐந்து நிமிட வேலை. நகையை உருக்கிவிட்டால் குறி அழியும் என்பது உண்மைதான். ஆனால், உருக்காமல் விற்க முடியாத நிலையே பறிப்பவரின் ஆதாயத்தைக் குறைக்கிறது.

கொலம்பியாவில் இருசக்கர வாகனக் குற்றங்களைக் கட்டுப்படுத்த, பின்னிருக்கையில் ஆண்கள் அமர்வதையே சில நகரங்கள் தடை செய்தன. ஒரே வண்டியில் இரு தொழிலாளர்கள் வேலைக்குச் செல்லும் நம் பகுதியில் அது பிழைப்பையே முடக்கும். நமக்கு வேண்டியவை எளிமையானவை: பறிப்பு நிகழ்ந்த இடங்களின் வரைபடம், அந்த இடங்களில் முதலில் எரியும் தெருவிளக்கு, பழுதின்றி இயங்குகிறதா என மாதந்தோறும் சரிபார்க்கப்படும் கேமரா, ஐந்து வாசல்களையும் ஒரே அழைப்பில் உஷார்ப்படுத்தும் ஏற்பாடு, அடகுக்கடைப் பதிவேடுகளின் முறையான தணிக்கை. ஊராட்சியும் நகராட்சியும் வணிகர் சங்கங்களும் காவல்துறையும் கூடிப் பேசினால், பெரிய நிதியின்றி இவற்றில் பெரும்பகுதியை இந்த ஆண்டே செய்யலாம். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் தம் ஊரின் இருண்ட சாலை எது என்பதைப் பெண்களே எழுந்து சொல்லட்டும். அதையே முதல் தீர்மானமாகப் பதிவு செய்யலாம்.